சத்தியபாமா கழுவிய போத்தல்

சத்தியபாமாவின் கையில் அகப்பட்ட எந்தச் சாமானும் அழுக்கோடு தப்பியதாகச் சரித்திரம் இல்லை. ஒஸ்லோவின் புறநகரான அம்மருட்டில் ஒரு உயரமான கட்டடத்துக்குக் குடிவந்த புதிதில், லிஃப்டின் பொத்தான்களைத் தேய்த்துத் தேய்த்து அவற்றில் இருந்த எண்களையே இல்லாமல் செய்துவிட்டாள் என்று புருஷன் சண்முகலிங்கம் இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார். அவள் வேலை செய்கிற பாலர் பாடசாலையில் மண்ணில் உருண்ட பிள்ளைகள் இவளைக் கண்டால் கையைப் பின்னால் ஒளித்துக்கொள்ளும். அப்பேர்ப்பட்ட மனுஷி, 2006ஆம் ஆண்டு மே மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில், அரிசி மூட்டை எடுக்கக் கட்டடத்தின் நிலக்கீழ் அறைக்குப் போனாள். அங்கே பயணப்பெட்டிகளுக்குப் பின்னால் தூசியும் ஒட்டறையுமாக ஒரு போத்தல் படுத்துக்கிடந்தது. என்ன செய்வாள்? மேலே கொண்டுவந்து கழுவினாள்.

சும்மா அலசிவிட்டு வைக்கிற ஆளா அவள். போத்தலைச் சுற்றி மெல்லிய கம்பிவலை ஒன்று கறள் பிடித்துக் கிடந்தது. கோழிக்கூட்டுக்கு அடிக்கிற வலையை ஏன் போத்தலுக்குப் போட்டிருக்கிறார்கள் என்று புறுபுறுத்தபடி குறட்டால் வெட்டிக் கழற்றினாள். இளஞ்சூட்டுத் தண்ணீரில் ஊறவிட்டு, பழைய பல் துலக்கியால் தேய்த்தாள். பூஞ்சணம் பிடித்த லேபிள் கூழாகிப் போனது. போனால் போகட்டும், நாறல் கடதாசி. பிறகு ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் உள்ளேயும் அடியில் கறுப்பாக மண்டி. போத்தலைக் கழுவாமலே வைனை ஊற்றி அடைத்திருக்கிறார்களே பாவிகள் என்று அவளுக்கு அந்த ஊர்க்காரர்மேல் கோபமே வந்துவிட்டது. இருமல் மருந்தைக் குலுக்குகிற மாதிரி நன்றாகக் குலுக்கினாள். மண்டி கரைந்தது. தலையில் இருந்த சிவப்பு மெழுகு மட்டும் அசையவில்லை. அதையும் ஈரத்துணியால் பளபளப்பாக்கினாள். விரத நாளில் குடிவகையைத் தொட்ட தோஷத்துக்குத் தானும் இன்னொருதரம் முழுகிவிட்டு வந்து, போத்தலைச் சாப்பாட்டு மேசையின் நடுவில் பின்னல் துணியின்மேல் நிமிர்த்தி வைத்தாள். கண்ணாடி பச்சையாக மின்னியது. அவளுக்குப் பெருமையாக இருந்தது.

என்ன போத்தல் என்று தெரியாமல் கழுவினாள் என்று நினைக்க வேண்டாம். ஒரே மகன் சயூரன் ஸ்பெயினில் இருந்து கொண்டுவந்தது என்று தெரியும். அதைக் கொடுத்த சீமாட்டி நாளைக்குப் பின்னேரம் சாப்பிட வீட்டுக்கு வருகிறாள் என்பதும் தெரியும். தெரிந்ததால்தான் கழுவினாள். தான் கொடுத்த பொருளை இந்தக் கோலத்தில் வைத்திருக்கிறார்களே என்று வருகிறவள் நினைத்தால் மானம் போகாதா?

சயூரன் நகர மத்தியில் உள்ள ஒரு பெரிய உணவகத்தில் வைன் பரிமாறுகிறவன். எந்தச் சாப்பாட்டுக்கு எந்த வைன், அது எந்த மண்ணில் விளைந்தது, எந்த ஆண்டு பறித்தது என்று சொல்லிச் சொல்லி ஊற்றுகிற வேலை. “படிச்ச பிள்ளை கிளாசிலை ஊத்திக் குடுக்கிறான்” என்று சத்தியபாமா ஆரம்பத்தில் ஒரு பாட்டம் அழுது தீர்த்தாள். சண்முகலிங்கம் பஸ் ஓட்டுகிறவர், எதையும் பெரிதாக எடுக்காதவர். “நாங்கள் கலியாண வீட்டிலை வெளியாலை கார் டிக்கியைத் திறந்து வைச்சு ஊத்திறதை இவன் மேசையிலை வைச்சு ஊத்திறான். இதுக்கு ஏன் அழுறீர்?” என்று கேட்டார். மண்டபத்துக்குள் பெண்களும் பெரியவர்களும் இருக்க, ஆண்கள் கார் நிறுத்துமிடத்தில் கூடி விஸ்கி குடிக்கிற எங்கள் வழமையைச் சொன்னார். அவள் அதற்கும் சேர்த்து அழுதாள்.

பிறகு அவன் இரண்டு இலையுதிர் காலம் லீவு எடுத்துக்கொண்டு ஸ்பெயினுக்குப் போனான். ரியோஹா என்கிற நாட்டுப்புறத்தில் அர்பெலோஸ் என்கிற பழைய திராட்சைத் தோட்டத்துக்கு, அறுவடைக்கு. திரும்பி வந்தால் வாய் ஓயாது. பிரான்ஸ் நாட்டுத் திராட்சைக் கொடிகளைப் பூச்சி தின்று முடித்த காலத்தில், வைன் தேடி மலை தாண்டி வந்த பிரெஞ்சு வியாபாரிகளை நம்பி அர்பெலோஸ் குடும்பத்து மூத்தவர் ஒருவர் தொடங்கிய நிலவறையாம் அது. பாறையைக் குடைந்து குடைந்து கீழே போனார்களாம். குடைந்தெடுத்த கல்லாலேயே மேலே வீட்டைக் கட்டினார்களாம். ஆகவே வீடு எவ்வளவு பெரிதோ அவ்வளவு பெரிய வெற்றிடம் அதற்குக் கீழே இருக்கிறது. பீப்பாவைக்கூட வெளியில் வாங்குவதில்லை. அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த ஓக் பலகையை முற்றத்தில் வெயிலும் மழையும் பட ஆண்டுக்கணக்காகப் போட்டுவைத்து, தங்கள் தச்சர்களைக் கொண்டே செய்விக்கிறார்கள். வைன் பீப்பாவில் சில ஆண்டு, போத்தலில் சில ஆண்டு என்று கிடந்து, பத்து வருஷம் கழித்துத்தான் கடையைக் காண்கிறது. “அவைக்கு விக்கிற அவசரமே இல்லையம்மா” என்று சொல்லும்போது அவன் குரலே மாறிவிடும்.

கணினியில் படம் காட்டினான். நிலவறைச் சுவரெல்லாம் சிலந்திவலை சேலை காயப்போட்ட மாதிரித் தொங்கியது.

“இவ்வளவு பெரிய வீட்டிலை ஒரு தும்புத்தடி இல்லையோ?” என்று கேட்டாள் சத்தியபாமா.

“தக்கையை அரிக்கிற அந்துப்பூச்சியைச் சிலந்தி பிடிச்சுத் தின்னும். அதாலை ஒருத்தரும் வலையிலை கை வைக்கிறேல்லை.”

“நல்ல சாட்டு.”

வாயால் அப்படிச் சொன்னாளே தவிர, அவன் வேலைக்குப் போன பிறகு அந்தப் படங்களைத் தானே திறந்து பார்த்தாள். மஞ்சள் கல் வீடு, நீளமான முற்றம், ஒன்றின்மேல் ஒன்றாகப் பீப்பா வரிசை. ஒரு பீப்பாவாவது கோணலாக இல்லை. ஒட்டறையை விட்டுப் பார்த்தால் ஒழுங்கான சனம்தான் என்று மனதுக்குள் ஒப்புக்கொண்டாள்.

ஆனால் பிள்ளை அங்கேயே போய் நிலவறை வேலை பழகப்போகிறேன் என்று மாரிக்காலத்தில் ஒருநாள் வாயைத் திறந்தபோது வீடு இரண்டுபட்டது. “ஒஸ்லோவிலை இல்லாத என்ன அங்கை கிடக்கு? ஒரு பிள்ளைதானே எனக்கு” என்று சாப்பிடாமல் படுத்தாள். ஒரு கிழமை அவனோடு கதைக்கவில்லை. அதற்குப் பிறகு அவன் அந்தக் கதையையே எடுக்கவில்லை. தோட்டத்துச் சொந்தக்காரி பிலார் வியாபார விஷயமாக ஒஸ்லோ வருகிறா, ஒருநேரச் சாப்பாடு குடுப்பம் என்று மட்டும் சொன்னான். போத்தலைப் பற்றியும், அது வந்த அன்றைக்கே, “ஒருத்தரும் தொட வேண்டாம்” என்று சொல்லித்தான் வைத்தான். தொட வேண்டாம் என்றால் திறக்க வேண்டாம் என்றுதானே ஒரு தாய்க்கு விளங்கும். கழுவ வேண்டாம் என்று யாருக்கு விளங்கும்?

வெள்ளிக்கிழமை வேலை முடிந்து பிந்தி வந்து படுத்த சயூரன், சனிக்கிழமை காலை எழுந்து வந்து மேசையைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றான்.

“அம்மா, இது என்ன?”

“உன்ரை போத்தல்தான். பார், எவ்வளவு வடிவாய் இருக்கு. கீழை கிடந்து நாறிச்சுது.”

“லேபிள் எங்கை?”

“அது கரைஞ்சு போச்சு.”

“கம்பி?”

“கறள் பிடிச்ச கம்பி, தம்பி. கையிலை ஏறினால் ஊசி போடவேணும்.”

அவன் கதிரையை இழுத்து மெதுவாக இருந்தான். போத்தலைத் தொடாமல், கண்ணை அதன் உயரத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தான். “குலுக்கினனீங்களோ?” என்று கேட்டான்.

“அடியிலை ஊத்தை கிடந்தது.”

அவன் சத்தம் போட்டிருந்தால் அவளும் போட்டிருப்பாள், சண்டையோடு போயிருக்கும். அவன் சத்தம் போடவில்லை. மேசைத் துணியைப் பார்த்துக்கொண்டு விஷயத்தைச் சொன்னான். அர்பெலோஸ் நிலவறைக்கு வேலை பழக ஒரு ஆளை எடுப்பதென்றால், இலையுதிர் காலத்தில் ஒரு பழைய போத்தலை அந்த ஆளிடம் கொடுப்பார்கள். மாரி முழுதும் அது அவன் வீட்டில் இருக்க வேண்டும். யாரும் அதில் கை வைக்கக் கூடாது. இளவேனிலில் அந்த வீட்டார் வந்து, எல்லோருமாகத் திறந்து குடிப்பார்கள். ஒரு போத்தலை ஒரு மாரிக்குச் சும்மா விடத் தெரியாதவன் ஒரு நிலவறையைப் பத்து வருஷம் எப்படிச் சும்மா விடுவான் என்பது அவர்கள் கணக்கு. இந்தப் போத்தல் 1964ஆம் ஆண்டு. அந்தப் பக்கத்தில் திராட்சை அதுபோல விளைந்த ஆண்டுகள் குறைவு. நிலவறையிலேயே இனி விரல்விட்டு எண்ணத்தான் இருக்கின்றன.

“இதை ஏன் எனக்கு முதலே சொல்லேல்லை?”

“சொன்னால் திரும்பவும் சாப்பிடாமல் படுப்பீங்கள்.” அவன் இப்போதுதான் அவளை நிமிர்ந்து பார்த்தான். “நீங்கள் வேணுமெண்டுதானே செய்தனீங்கள்?”

“என்ன?”

“நான் போகக் கூடாதெண்டு நிண்டனீங்கள். இப்ப போகேலாமல் பண்ணிப்போட்டியள்.”

சத்தியபாமாவுக்கு அழுகை வரவில்லை, வந்தாலும் நடிக்கிறாள் என்று நினைப்பான். “சாமி சத்தியமாய் எனக்கு உந்தக் கதை தெரியாது, தம்பி” என்றாள்.

“சரி, விடுங்கோ” என்றான் அவன். நம்பவில்லை என்று சொல்லியிருந்தாலும் பொறுத்திருப்பாள். இந்த ‘சரி, விடுங்கோ’தான் கத்தி மாதிரி இறங்கியது.

பத்திரிகையும் கையுமாக வந்த சண்முகலிங்கம் நிலைமையைப் பார்த்துவிட்டு, “நான் ஓடிப்போய் மதுக்கடையிலை வேறை ஒண்டு வாங்கிக்கொண்டு வரட்டே?” என்று கேட்டார்.

“அப்பா, இது பால் முடிஞ்ச மாதிரியில்லை” என்று சொல்லிவிட்டு, சயூரன் போத்தலைக் குழந்தையைத் தூக்குவதுபோல நிமிர்த்தபடி தூக்கிக்கொண்டு தன் அறைக்குள் போனான்.

நண்டைத் துப்புரவாக்கும்போதும் புட்டுக்கு மா குழைக்கும்போதும் அவளுக்கு ஒரே எண்ணம். வருகிற சீமாட்டி ஏசட்டும், எழும்பிப் போகட்டும், அது ஒரு பொருட்டே இல்லை. பெற்ற பிள்ளை தன்னை நம்ப வேண்டும். எப்படி நம்ப வைப்பது? அவன் போகக் கூடாது என்று அவள் நினைத்தது உண்மைதானே. இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறாள். அந்த உண்மை பக்கத்தில் நிற்கும்வரைக்கும் இந்த உண்மையும் பொய்யாகத்தான் தெரியும். எத்தனை முறை யோசித்தாலும் இதற்கு வழி தெரியவில்லை.

பின்னேரம் சயூரன் நிலத்தடி ரயிலில் பிலாரைக் கூட்டிக்கொண்டு வந்தான். சீமாட்டி என்றால் முத்துமாலையும் வாசனையுமாக வருவாள் என்று சத்தியபாமா எதிர்பார்த்திருந்தாள். வந்தவர் கட்டை மயிரும் ஆண்கள் போடுகிற சப்பாத்துமாக, வெயிலில் கறுத்த, தன்னைவிடக் கொஞ்சம் மூத்த ஒரு மனுஷி. நகக்கண் எல்லாம் வைன் ஊறிய ஊதாக் கறுப்பு. அதைப் பார்த்ததும் சத்தியபாமாவின் கை சவர்க்காரத்தைத் தேடியது என்றே சொல்ல வேண்டும். ஆனால் அந்தக் கை அவளுடைய கையைப் பிடித்த பிடியில் ஒரு கள்ளமும் இல்லை. ஸ்பானிஷ் தவிர வேறு பாஷை பிலாருக்குச் சரிவராது. தமிழும் நோர்வேஜியனும் தவிர சத்தியபாமாவுக்குச் சரிவராது. நடுவில் சயூரன் இருந்தான்.

அது அவனுக்குப் பழகிய இடம்தான். இந்த ஊருக்கு வந்த புதிதில் வைத்தியரிடமும் அரசாங்கக் கந்தோரிலும் தாய்க்காக வாய் திறந்தவன் அவன்தான். பள்ளிக்கூடத்தில் ஆசிரியை ஐந்து நிமிஷம் முறைப்பாடு சொல்ல, “நல்லாய்ப் படிக்கிறனாம்” என்று ஒரு சொல்லில் முடித்த கெட்டிக்காரன். பொய் சொன்னால் காது மட்டும் சிவந்துவிடும்.

எல்லோரும் மேசையைச் சுற்றி இருந்தார்கள். கறியைத் தொட்டால் வாய் உறைத்துப் போகும், முதலில் வைன், பிறகுதான் சாப்பாடு என்றார் பிலார். சயூரன் எழும்பவில்லை. அவன் ஏதோ சாட்டுத் தேடுகிறான் என்று சத்தியபாமாவுக்கு விளங்கியது. அவன் தேடி முடிக்கவிடாமல் எழுந்து போய், அறையிலிருந்து போத்தலைத் தூக்கிவந்து பிலாருக்கு முன்னால் வைத்தாள்.

“நான்தான் கழுவினனான், ஆனா வேணுமெண்டு செய்யேல்லை எண்டு சொல்லு.”

அவன் சொன்னான். அவள் சொன்னது நீளம், அவன் சொன்னது கட்டை.

“ரெண்டையும் சொன்னனியோ?”

“சொன்னனான்.” காது சிவந்திருந்தது.

பிலார் சிரிக்கவுமில்லை, முகம் சுளிக்கவுமில்லை. போத்தலின் வயிற்றில் உள்ளங்கையை வைத்தார். மெழுகை விரலால் தடவினார். கம்பிவலை எங்கே என்று கேட்டார். சத்தியபாமா உலோகக் குப்பை போடுகிற பையைக் கிளறி எடுத்துவந்து கொடுத்தாள். அந்தக் கறள்பிடித்த வலையை மேசைத் துணியில் விரித்து, சுருக்கம் எடுத்து நீவிவிட்டுக்கொண்டே பிலார் கதைத்தார். சயூரன் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தான்.

“முந்தி அங்கை கள்ளர் இருந்தவையாம். வெறும் அர்பெலோஸ் போத்தலைப் பொறுக்கி, மலிவு வைனை ஊத்தி, அர்பெலோஸ் எண்டு விப்பினமாம். அதாலைதான் இந்த வலை. வலையை வெட்டாமல் தக்கையைக் கழட்டேலாது. தோட்டத்துப் பொம்பிளையள் கையாலை பின்னிப் போட்டதாம். அந்த நாட்டுச் சண்டைக்காலத்திலை ஆம்பிளையள் ஒருத்தரும் இல்லாமல், அறுவடையும் அவையள்தான் செய்தவையாம்.” பிலார் போத்தலைச் சுட்டிக் காட்டினார். “இப்ப இதிலை வலையும் இல்லை, லேபிளும் இல்லை. இது அர்பெலோஸ் எண்டு தன்னைத் தவிர ஒருத்தரும் நம்பமாட்டினமாம். தக்கையைப் பாத்தால்தான் தெரியுமாம்.”

“அப்ப திற” என்றாள் சத்தியபாமா.

மெழுகுவர்த்தி வேண்டும் என்றான் சயூரன். சண்முகலிங்கம் அவசரத்தில் சாமித்தட்டு விளக்கை எடுக்கப் போக, அவள் முறைத்த முறைப்பில் ஜன்னலோரம் இருந்த வெள்ளை மெழுகுவர்த்தியோடு திரும்பி வந்தார்.

மகன் வேலை செய்கிறதை அவள் அன்றைக்குத்தான் முதன்முதலில் பார்த்தாள். மெழுகைச் சுரண்டினான். ஒரு துகள்கூடத் துணியில் விழவில்லை. இரண்டு மெல்லிய தகடு உள்ள ஒரு சின்னக் கருவியைத் தக்கையின் இரு பக்கத்திலும் இறக்கி, ஆட்டி ஆட்டி, மூச்சு விடாமல் இழுத்தான். வெண்ணெய் மாதிரி இளகிப்போன தக்கை முழுதாக வந்தது. பிறகு போத்தல் கழுத்துக்குக் கீழே மெழுகுவர்த்தியை வைத்து, அந்த வெளிச்சத்தில் கண்ணை எடுக்காமல், கண்ணாடிக் குடுவைக்குள் நூல்போல ஊற்றினான். அர்பெலோஸ் நிலவறையில் ஒரு பீப்பாவிலிருந்து இன்னொன்றுக்கு இப்படித்தான் மெழுகுவர்த்தி பிடித்து மாற்றுவார்கள் என்று பிலார் சொன்னதைத் தகப்பனுக்கும் தாய்க்கும் சொன்னபோதும் அவன் கை ஆடவில்லை. கழுத்துக்குள் ஒரு கறுப்பு நிழல் வந்ததும் சட்டென்று நிறுத்தினான். இவ்வளவு துப்புரவாக வேலை செய்கிற பிள்ளையையா கிளாசில் ஊற்றிக் கொடுக்கிறான் என்று சொல்லி அழுதோம் என்று சத்தியபாமாவுக்கு வெட்கமாகிவிட்டது.

ஆனால் குடுவையைப் பார்த்தவுடன் அவள் கதிரையை விட்டு எழும்பிவிட்டாள். சிவப்பு வைன் என்றார்கள். குடுவைக்குள் இருந்தது பால் விடாத வெறுந்தேத்தண்ணி நிறம்.

“ஐயோ, நிறமும் போட்டுதே” என்றாள் மெதுவாக.

சயூரன் அதை மொழிபெயர்க்க, பிலார் முதல்தரமாகச் சிரித்தார். நாற்பது வருஷம் கிடந்தால் சிவப்பு வைனும் இந்த நிறத்துக்கு வந்துவிடுமாம். இறங்கிய சிவப்புத்தான் அடியில் கறுப்பாகப் படியுமாம். அவள் ஊத்தை என்று குலுக்கியது அதைத்தானாம். பிலார் தக்கையை எடுத்து மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் காட்டினார். பக்கவாட்டில் சூடு வைத்த மாதிரி அர்பெலோஸ் என்ற பெயர், கீழே 1964. சாட்சி அதுவாக இருந்தது. இனி வைன் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க வேண்டியதுதான் மிச்சம்.

பிலார் கையை நீட்டுவதற்கு முன்பே சத்தியபாமா கிளாசை எடுத்துக்கொண்டாள். “குலுக்கினது நான். கெட்டிருந்தால் நான்தான் முதல் குடிக்கவேணும்” என்றாள்.

சண்முகலிங்கம் வாயைப் பிளந்தார். வாழ்நாளில் பியரைக்கூட மணந்து பார்க்காத மனுஷி. அவள் மூக்கைக் கிட்டே கொண்டுபோனாள். சாராய நெடி வரும் என்று பயந்திருந்தாள், வரவில்லை. காய்ந்த தோடம்பழத் தோல் மணத்தது. அதற்குப் பின்னால் நன்றாகத் தெரிந்த ஒரு வாசம்.

“இதென்ன, கொப்பரா மணக்குது.”

அமெரிக்க ஓக் பலகையின் வாசம் அது என்று பிலார் சொன்னதாகச் சயூரன் சொன்னான். அவள் ஒரு மிடறு குடித்தாள். முதலில் பழம்புளி மாதிரி நாக்கைச் சுண்டியது. விழுங்கின பிறகுதான் விஷயம் தொடங்கியது. பேரீச்சம்பழம் மாதிரி, மழை பெய்த காட்டு மண் மாதிரி, ஒன்று போக ஒன்று வந்துகொண்டிருந்தது. தான் பாவாடை சட்டையோடு திரிந்த காலத்தில், தன்னை அறியாத யாரோ பறித்த பழம். அதைப் பீப்பாவில் விட்டு, போத்தலில் விட்டு, அவசரப்படாமல் காவல் இருந்து, தன் வாய்வரைக்கும் கொண்டுவந்து சேர்த்திருக்கிறார்கள். தன் குறட்டாலும் சுடுதண்ணீராலும் குலுக்கலாலும் இதை ஒன்றும் செய்ய முடியவில்லையே என்று அவளுக்கு அந்த வீட்டார்மேல் பெரிய மரியாதை வந்தது. “நல்ல சாமான்” என்றாள். அவளுடைய வாயில் அதற்குமேல் ஒரு பாராட்டு கிடையாது. கிளாசைக் கீழே வைக்காமல் இன்னொரு மிடறும் குடித்தாள்.

எல்லோரும் குடித்தார்கள். விஸ்கிக்காரரான சண்முகலிங்கம்கூடக் கிளாசுக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தார். பிலார் கண்ணை மூடிக் குடித்துவிட்டு, சயூரனின் தோளில் ஒரு தட்டுத் தட்டினார். அவன் முகத்தில் காலையிலிருந்து போயிருந்த இரத்தம் திரும்பியது. பிறகு அவர் கதிரையைத் திருப்பிச் சத்தியபாமாவை நேராகப் பார்த்துக் கேட்கத் தொடங்கினார். பாதியில் சயூரனின் முகம் மாறியது.

“என்ன கேக்கிறா?”

“போத்தலாலை பிரச்சினையில்லையாம். வைன் நல்லாய் இருக்காம்.” அவன் கிளாசைத் தள்ளி வைத்தான். “முந்தி ஒரு பெடியனை எடுத்தவையாம். வீட்டிலை விருப்பமில்லாமல் வந்தவனாம். வீட்டுப் பக்கம் இழுபட்டு இழுபட்டு, இரண்டாம் வருசம் விட்டுட்டுப் போட்டானாம். அவன் பாத்த பீப்பாக்களை வேறை ஒருத்தராலையும் ஒழுங்காய்த் தொடர்ந்து பாக்கேலாமல் போச்சாம். நான் போய்ச் செய்யிற வைன் வெளியிலை வரப் பத்து வருசம் செல்லும். அதாலை இந்த முறை என்னைக் கேக்கேல்லையாம். உங்களைக் கேக்கிறா. நான் போறது உங்களுக்கு விருப்பமோ எண்டு. நீங்கள் இல்லையெண்டால் எடுக்கமாட்டாவாம்.”

ஒரு சொல்லையும் அவன் வெட்டவில்லை. வெட்டியிருந்தால் அவளுக்குத் தெரிந்திராது, வெட்டினால் லாபமும் அவனுக்குத்தான். ஆனாலும் வெட்டவில்லை. காது சிவக்கவில்லை.

சத்தியபாமா மேசைத் துணியின் பின்னலை விரலால் தடவினாள். ஒரு ‘இல்லை’ போதும். யாரும் அவளைக் குறை சொல்ல முடியாது. கேட்டது அந்த மனுஷி, சொன்னது தாய். பிள்ளை நாளைக்கும் இந்த வீட்டில் எழும்பும், இந்த மேசையில் சாப்பிடும். மாரி முழுதும் அவள் கேட்டுத் தவித்தது இதுதானே. தட்டில் வைத்து நீட்டுகிறார்கள்.

“எனக்கு விருப்பமில்லை எண்டு சொல்லு” என்றாள்.

சயூரன் தலையைத் தூக்கவில்லை. சொன்னான். பிலார் கையில் இருந்த கிளாசை மேசையில் வைத்தார்.

“பொறு, நான் இன்னும் முடிக்கேல்லை. விருப்பமில்லை, ஆனாலும் கூட்டிக்கொண்டு போகச் சொல்லு. நான் இண்டைக்கு மறிச்சால் இவன் இஞ்சைதான் இருப்பான். ஆனா அம்மா வேணுமெண்டுதான் அந்தப் போத்தலைக் கழுவினவ எண்டு நினைச்சுக்கொண்டு இருப்பான். என்னை நம்பாத பிள்ளை வீட்டிலை இருக்கிறதிலும் பாக்க, நம்புற பிள்ளை ஸ்பெயினிலை இருக்கட்டும். இதைச் சொல்லு.”

என்ன சொல்கிறா என்று பிலார் கேட்டார். அவன் அவர் பக்கம் திரும்பாமல் தாயைப் பார்த்தான்.

“நான் அப்பிடி நினைக்கேல்லை, அம்மா.”

“காலமை நினைச்சனி.”

“ஓம், காலமை நினைச்சனான். இப்ப இல்லை.”

“அதை எனக்குச் சொல்லாதை. அவவுக்குச் சொல்லு. அந்த மனுசி கேட்டுக்கொண்டிருக்கிறா.”

அவன் பிலாரின் பக்கம் திரும்பிச் சொல்லத் தொடங்கினான். இடையில் குரல் உடைந்தது. கண்ணைப் புறங்கையால் துடைத்துவிட்டுத் திரும்பவும் சொன்னான். ஒருமுறை போத்தலைக் காட்டினான், ஒருமுறை தன் நெஞ்சைத் தொட்டான். கறியைச் சூடாக்க எழும்பிய சண்முகலிங்கம் எழும்பின இடத்திலேயே நின்றார். சத்தியபாமாவுக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. ஆனால் இந்த முறை அவன் சொன்னது அவள் சொன்னதைவிட நீளமாக இருந்தது.